மரகதத்தில் ஒரு கடித்த மிளகாய்

ஜூன் 9, திங்கள்

இன்று திருப்பூரில் ஒரு பொம்மைக்குக் கும்பிடு போட்டேன்.

சாமி பொம்மை என்றால் பரவாயில்லை. பனியன் கம்பெனி வரவேற்பறையில் கோட்டு சூட்டு மாட்டி நிறுத்தியிருந்த பிளாஸ்டிக் பொம்மை. முதலாளியே வாசலுக்கு வந்து நிற்கிறாரே, எவ்வளவு எளிமையான மனிதர் என்று நினைத்துக் குனிந்து, "வணக்கமுங்க, காங்கயத்துல கல்லுப் பட்டறைல இருந்து வர்றமுங்க" என்றேன். பதில் இல்லை. காது மந்தம் போலிருக்கிறது என்று இன்னும் சத்தமாக ஒரு தரம் சொன்னேன். செக்யூரிட்டி கன்னத்தைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். மகள் தாமரை என் முழங்கையைப் பிடித்து, "அப்பா, காலர்ல சைஸ் சீட்டு தொங்குது பாருங்க" என்றாள்.

உள்ளே போய் உண்மையான முதலாளியைப் பார்த்த பிறகு, பொம்மைக்குப் போட்ட கும்பிடு வீண்போகவில்லை என்று தோன்றியது. பொம்மை பொய் பேசவில்லை.

முதலாளி பெயர் தெய்வசிகாமணி. கம்பெனிக்கு இந்த ஆகஸ்டில் இருபத்தைந்து வயது. அதற்காக அவருக்கு ஒரு பொருள் வேண்டுமாம். வெள்ளியில் ஒரு தூக்குப்போசி, அதாவது மூடியும் கைப்பிடியும் வைத்த தூக்குவாளி. அதற்குள் பழைய சோறு. சோற்றுப் பருக்கை எல்லாம் மூன்ஸ்டோன், நீராகாரம் ஸ்படிகம், சின்ன வெங்காயம் செவ்வந்திக்கல், பச்சை மிளகாய் மரகதம். கண்ணாடிப் பெட்டியில் வைத்து, வருகிற வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் காட்டப் போகிறார். "இதைத் தின்னுதாங்க நான் வளந்தேன்" என்று சொல்லும்போது கண்ணில் தண்ணீர்கூட வந்தது. ஏ.சி. குளிராகவும் இருக்கலாம்.

என்னைப் பார்த்து, "நீங்க எந்த ஊருங்க?" என்றார். காங்கயம்தான் என்றேன். "நானும் ஒரு வருசம் அங்க படிச்சனுங்க" என்றார். அப்படிங்களா என்றேன். ஆறாம் வகுப்பு, மூன்றாவது பெஞ்சு, எனக்கு இடது பக்கம். இதை நான் சொல்லவில்லை. யார் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டியது அவர். என் கணக்கு நோட்டில் மை கொட்டியது அவர்தானே.

வரும்போது ஆளுக்கொரு டைரி கொடுத்தார்கள். ஜூன் மாதம் டைரி கொடுக்கிற தாராளம். ஒவ்வொரு மாதத்துக்கும் முதல் பக்கத்தில் அவர் படம். அதில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவரைப் பற்றி அவர் செலவிலேயே எழுதுவதில் ஒரு திருப்தி.

ஜூன் 12, வியாழன்

எங்கள் பட்டறை முதலாளி ஜெயபால் இன்று எல்லாரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். இதுவரை பட்டறையில் மோதிரக்கல்தான். நான் முப்பது வருஷமாக உருண்டையான கல்லை இன்னும் கொஞ்சம் உருண்டையாக்கிக் கொடுத்துக்கொண்டிருப்பவன். பத்தாம் வகுப்பில் தவறியவனுக்கு அதற்கு மேல் மூலை முடுக்கு வைத்த வேலை வராது. தாமரை அப்படியில்லை. இரண்டு வருஷம் ஜெய்ப்பூரில் கல்லில் உருவம் செதுக்கப் படித்துவிட்டு வந்திருக்கிறாள்.

"இந்தப் போசி நல்லபடியா அமைஞ்சுதுன்னா செதுக்கறதுக்குன்னே கிழக்கால அறையை ஒதுக்கி அம்மணி கையில குடுத்தர்றனுங்க. ஆகலையா, மோதிரக்கல்லே போதும். அப்பறம் என்னையக் குத்தம் சொல்லப்படாது" என்றார் ஜெயபால்.

ஆகாவிட்டால் தாமரைக்குக் கோயமுத்தூரில் ஒரு நகைக்கடை வேலை காத்திருக்கிறது. பட்டுச்சேலை கட்டி, வாசலில் நின்று, வருகிறவர்களுக்குக் கும்பிடு போட வேண்டும். அதாவது, அந்தப் பொம்மையின் வேலை. என்ன ஒன்று, பொம்மைக்குக் கால் வலிக்காது. செப்டம்பர் முதல் தேதி வந்து சேர்கிறேன் என்று இவளும் சொல்லி வைத்திருக்கிறாள்.

"நாமெல்லாம் பழைய சோறு தின்னு பழைய சோறாவே இருக்கறம். அவரு தின்னு மரகதமா ஆயிட்டாரு" என்றேன். பட்டறையே சிரித்தது. தாமரை சிரிக்கவில்லை. "அப்பா, ஆர்டர் முடியற வரைக்கும் அந்தாளப் பத்திப் பேசறத நிறுத்துங்க" என்றாள்.

பேசுவதைத்தானே நிறுத்தச் சொன்னாள். எழுதுவதை இல்லை.

தெய்வசிகாமணி பழைய சோறு தின்று வளரவில்லை. அப்பா பஞ்சு மில் வைத்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கு அவன் கொண்டுவருவது நெய் தோசை. மூன்று தோசை, மடித்து, வாழையிலையில் சுற்றி, உள்ளே ஒரு கரண்டி நாட்டுச் சர்க்கரை. மத்தியானத்துக்குள் ஓரமெல்லாம் துவண்டு, நெய் உறைந்து, சர்க்கரை இளகி தோசையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் தோசையைவிட அடியில் இருக்கிற மூன்றாவதுக்குத்தான் ருசி அதிகம்.

ஜூன் 20, வெள்ளி

எனக்கு ஒதுக்கிய வேலை சோறு. மொத்தம் நானூறு பருக்கை. கையில் ஒட்டுகிற அளவுக் கல்லைச் சாணையில் பிடித்து, ஒவ்வொன்றாக.

இன்று முப்பது பருக்கை முடித்து, பெருமையாகத் தட்டில் அடுக்கி நீட்டினேன். தாமரை உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள்.

"அப்பா, இது அரிசி."

"பின்னே?"

"நான் கேட்டது சோறுங்கப்பா. அதுவும் ராத்திரி ஊறுனது. நுனி வெடிச்சிருக்கோணும், ஒண்ணு ரெண்டு ஒடஞ்சிருக்கோணும். இது கடைல இருந்து மூட்டை பிரிச்சாப்பல இருக்குது."

ஐம்பத்திரண்டு வயதில் மகளிடம் சோறு என்றால் என்ன என்று பாடம் கேட்கிறேன். மனைவி ருக்மணி ஒரு கிண்ணம் நிஜப் பழைய சோற்றை மாதிரிக்காகப் பட்டறைக்கே கொடுத்தனுப்பினாள். மேஜையில் வைத்துப் பார்த்துப் பார்த்து ஒன்பது பருக்கை செய்தேன். பசித்தது. மாதிரியைத் தின்றுவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

தாமரை போனில் படங்கள் காட்டினாள். உலகத்தில் பணக்காரர்கள் கல்லில் என்னென்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று. ரஷ்யாவில் ஒரு ராஜா ராணிக்கு முட்டை செய்து கொடுத்திருக்கிறார். முட்டைக்குள் தங்க மஞ்சள் கரு, அதற்குள் கோழி. அவித்துத் தின்றால் ஒரு நிமிஷத்தில் முடிகிற விஷயம். ஒரு பச்சைக்கல் தவளை, கண்ணுக்கு வைரம். தவளைக்கே அது தெரிந்தால் கூச்சப்படும். ஸ்படிகத்தில் ஒரு டம்ளர், அதில் பாதி வரைக்கும் தண்ணீர், தண்ணீரும் ஸ்படிகம், அதில் ஒரு கல் பூ. தண்ணீர் இருக்கிறது, குடிக்க முடியாது. பூ இருக்கிறது, மணக்காது. சோறு ஒன்றுதான் பாக்கி இருந்தது, அதையும் நாம் செய்துகொண்டிருக்கிறோம் என்றேன்.

"அந்த டம்ளர்ல தண்ணி எங்க முடியுது, காத்து எங்க ஆரம்பிக்குதுன்னு உத்துப் பாருங்கப்பா" என்றாள்.

பார்த்தேன். தெரியவில்லை. கோடே இல்லை. கல்லைக் குடைந்தவன் கை எப்படிப்பட்ட கையோ. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கண்ணு வலிக்குது" என்று போனைக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 2, புதன்

கம்பெனியில் இருந்து நிவேதிதா என்ற பெண் தாளில் அச்சடித்து அனுப்பியிருக்கிறாள். முதலாளியின் ஞாபகத்தில் போசி எப்படி இருந்ததோ அப்படியே வேண்டுமாம். வயிற்றில் இடது பக்கம் ஒரு நசுங்கல். மூடிச் சங்கிலி அறுந்து சணல் கட்டியிருக்கும். அடியில் புள்ளி புள்ளியாக வெட்டிய இரண்டு எழுத்து. அது யார் பெயர் என்று சாருக்குத் தெரியவில்லை, எழுத்து மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று குறிப்பு. "செ.மா."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ருக்மணி துவைக்க எடுக்கும்போது அதைப் பிரித்துப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, இது நம்ம பாத்தரத்துல இருக்கற எழுத்தல்லங்க?"

"ஊருக்குள்ள எத்தனை செ.மா. இருக்கும்."

"அத்தை பேரு மாராத்தாள். அவங்கப்பாரு செல்லப்பன். கல்யாணத்துக்குக் குடுத்த அண்டா, குண்டா, கரண்டி வரைக்கும் செ.மா.ன்னு வெட்டியிருக்கும். எனக்கென்ன கண்ணு தெரியாதுங்களா?"

நான் சோப்பு எங்கே என்று கேட்டேன். கையில்தான் இருந்தது.

அவள் விடவில்லை. "அந்தப் போசி எங்க இப்ப?"

எங்கேயும் போகவில்லை. பட்டறையில் என் சாணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. முப்பது வருஷமாக அதில்தான் மெருகுப் பொடி கரைத்து வைக்கிறேன். சேறு மாதிரி காய்ந்து ஒரு விரற்கடை ஏறியிருக்கிறது. அம்மா அதில் சோறு போட்டுக் கொடுத்த காலம் முடிந்து எத்தனையோ வருஷமாயிற்று.

சரி, எழுதிவிடுகிறேன். அது என் போசி. அவன் தின்னாத சோற்றுக்கு என் அம்மா பாத்திரத்தைக் கேட்கிறான்.

ஜூலை 14, திங்கள்

இன்று தாமரை என் பொடிப் போசியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். "அப்பா, இதுலயும் இடது பக்கம் நசுங்கல் இருக்குது. அளவுக்கு இதையே வெச்சுக்கறனுங்க" என்றாள்.

எல்லாப் போசியும் இடது பக்கம்தான் நசுங்கும் என்றேன். கல்லைப் பற்றிக்கூட நான் இவ்வளவு உறுதியாகப் பேசியதில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

மரகதம் உடைந்துவிட்டது.

நீளமான கல், சுண்டுவிரல் பருமன், நிறம் கொஞ்சம் கலங்கல், ஆனாலும் மிளகாய்க்கென்றே பிறந்தது போல. ஒரு மாதமாகத் தாமரை செதுக்கி, காம்பும் வளைவும் வந்துவிட்டது. மெருகு மட்டும் என்னிடம் விட்டாள். நுனிப் பக்கம் கால்வாசி தனியாக வந்துவிட்டது.

கல்லில் முதலிலேயே விரிசல் இருந்தது. இயற்கை. யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகஸ்ட் 7, வியாழன்

கல்லில் விரிசல் இருந்தது உண்மை. எல்லா மரகதத்திலும் இருக்கும். அதை மறைக்க எண்ணெய் ஊற்றித்தான் விற்பார்கள். அதனால் மரகதத்துக்குச் சூடு ஆகாது, மெருகு போடக் கல்லைக் குச்சியில் ஒட்டும்போது சூடு காட்டாத பசையில்தான் ஒட்டவேண்டும் என்று தாமரை இரண்டு தரம் சொன்னாள். மூன்றாவது தரம் சுவரில் எழுதி ஒட்டினாள்.

நான் முப்பது வருஷப் பழக்கத்தில் அரக்கை விளக்கில் வாட்டி, கல்லை அதில் அமுக்கினேன். எண்ணெய் வேர்வை மாதிரி வெளியே வந்தது. ஓகோ, மரகதத்துக்கும் வேர்க்கிறதே என்று ஒரு நகைச்சுவைகூட எனக்குத் தோன்றியது. அடுத்து சாணையில் வைத்தேன். டக்கென்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் வந்தபோது தாமரை திரும்பிப் பார்க்கவில்லை. கையில் இருந்த வெங்காயத்தை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"சூடு காட்டுனீங்களா?"

"இல்ல கண்ணு."

சுவரில் ஒட்டிய தாளுக்கு நேர்கீழே உட்கார்ந்து சொன்னேன். அரக்கு வாசம் அறை முழுக்க இருந்தது. மூக்கு என்று ஒன்று இருக்கிறவளிடம் போய்ப் பொய் சொன்னேன். தெய்வசிகாமணியைப் பொய்யன் என்று இந்த டைரியில் எத்தனை தரம் எழுதினேன் என்று திருப்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வெட்கக்கேடு.

"இன்னொரு கல் இந்த மாசத்துக்குள்ள கெடைக்காதுங்கப்பா" என்றாள். அழவில்லை. கோயமுத்தூர்க் கடையில் இருந்து சேலை ரவிக்கைக்கு அளவு கேட்டு வந்த செய்தியை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 9, சனி

அவள் வருவதற்கு முன்பே பட்டறைக்குப் போய், உடைந்த மிளகாயை எடுத்து உட்கார்ந்தேன். பசையில் ஒட்டினேன். இந்தத் தரம் சுவரைப் பார்த்துக்கொண்டே.

உடைந்த முகம் சாய்வாக, கத்தியில் வெட்டியது போல இருந்தது. மிளகாயை யாரும் வெட்டித் தின்பதில்லை. கடிப்பார்கள். சின்னச் சக்கரத்தைப் போட்டு மேலே இரண்டு குழி எடுத்தேன், மேல் பல்லுக்கு. கீழே சிறிதாக இரண்டு. மேல் குழி இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய மேட்டை அப்படியே விட்டேன். உள்ளே இரண்டு விதையும், வெளுத்த நரம்பும் தெரிகிற மாதிரி கீறினேன். என் கை உருண்டை தவிர ஒன்றும் அறியாத கை. இது மட்டும் எப்படி வந்ததென்று கேட்டால் எனக்குத் தெரியாது.

தாமரை வந்து கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

"நடுவுல இந்த மேடு எதுக்குங்கப்பா?"

"முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து இருந்தா அப்படித்தான் கடிபடும்."

"யாருக்குச் சந்து?"

"பொதுவாச் சொன்னேன்."

"சோத்துல ஒருத்தரு வாய் வெச்ச மாதிரி இருக்குதுங்கப்பா. இத்தனை நாளா அது ஒரு பண்டம். இப்பத்தான் அது ஆருதோ சோறு" என்றாள். பிறகு சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துப் போட்டாள்.

அந்தச் சந்து அவனுக்கு இருந்தது. ஒரே ஒரு நாள், விளையாட்டுக்கு, என் மிளகாயைக் கடித்துப் பார்த்தான். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது. அவ்வளவுதான் அவனுக்கும் பழைய சோற்றுக்கும் சம்பந்தம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நிவேதிதா பார்வையிட வந்தாள். நுனி நாக்கில் தமிழ். எல்லாவற்றையும் போனில் படமெடுத்தாள். மிளகாயில் நின்றாள்.

"அங்கிள், இது டேமேஜ் பீஸா?"

"கடிச்சது. சாப்பாடுன்னா கடிப்பாங்கல்ல?" என்றாள் தாமரை.

"சார் ஃப்ரெஷ்ஷா ஃபுல் மிளகாய்தான் எக்ஸ்பெக்ட் பண்ணுவார். ஃபாரின் கெஸ்ட்லாம் வர்றாங்க. எச்சில் பண்ணின மாதிரி இருந்தா நல்லாவா இருக்கும்? அப்புறம் ஃபங்ஷன் அன்னைக்கு அவர் வேண்டாம்னு சொன்னா மொத்த பீஸும் ரிட்டர்ன்தான்."

"சரிங்க, அவரே பாத்துச் சொல்லட்டும்" என்றாள் தாமரை. குரல் ஆடவில்லை. மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள். என் இடத்தில் இருந்து அதுதான் தெரிந்தது.

அந்தப் பெண் ஒரு புத்தகமும் விட்டுப் போனாள். முதலாளியின் வாழ்க்கை வரலாறு, வழவழப்பான தாளில். இரண்டாம் பக்கத்திலேயே போசி வந்துவிட்டது. அம்மா கொடுத்த பழைய சோறு, பள்ளிக்கூட வேப்ப மரம், தினமும் தனியாக உட்கார்ந்து தின்ற பையன். என் பெயர் எங்கேயும் இல்லை. நெய் தோசையும் இல்லை. அவன் அம்மா சுட்ட தோசையை அவனே அழித்துவிட்டான். பாவம் அந்தம்மா.

ஒரே ஒரு நாள் என் மிளகாயைக் கடித்தான் என்று முன்னே எழுதியிருக்கிறேன். ஒரு நாள் இல்லை. ஆறாம் வகுப்பு முழுக்க, ஒரு வருஷம். என் போசி அவன் மடியில், அவன் இலைப் பொட்டலம் என் மடியில். ஏழாவதுக்கு அவனை ஊட்டியில் சேர்க்கும் வரைக்கும். ஆக, பழைய சோறு தின்றான் என்பது பொய் இல்லை, வளர்ந்தான் என்பதும் ஒரு வருஷத்துக்கு உண்மைதான். யார் வீட்டுச் சோறு என்பதுதான் பொய்.

பணக்கார வீட்டுப் பையன். ஒன்று வேண்டுமென்றால் பிடுங்கிக்கொள்வான். அப்படிப் பிடுங்கிக்கொண்டான் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 30, சனி

போசியில் இருந்த பொடியைச் சுத்தியலால் தட்டி எடுத்தேன். புளி போட்டுத் தேய்த்தேன். அடியில் புள்ளி எழுத்து பளிச்சென்று வந்தது. நாளை விழாவுக்கு இதை மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போகப் போகிறேன். அவர் மேடையில் எங்கம்மா எங்கம்மா என்று ஆரம்பிக்கும்போது எழுந்து நின்று, "ஏனுங்க தெய்வசிகாமணி, இது எந்த அம்மாவோட போசிங்க?" என்று கேட்கப் போகிறேன். வாக்கியத்தை நாலு தரம் சொல்லிப் பார்த்தேன். நன்றாக இருந்தது.

ருக்மணி பாத்திரம் தேய்ப்பதை வாசலில் நின்று பார்த்தாள்.

"கேட்டுப்போட்டு?"

"கேட்டுப்போட்டு என்ன? நாலு பேருக்குத் தெரியட்டும்."

"தெரியட்டும். நாலு பேரு கைதட்டுவாங்க. வெள்ளிப் போசி பட்டறைக்கே திரும்பி வந்துரும். உங்க மக திங்கக்கிழமை கோயமுத்தூர்ல நின்னு கும்பிடுவா. நீங்க போறப்பவும் கும்பிடுவா. அது பொம்மையான்னு நீங்க தொட்டுப் பாத்துக்கலாம்."

பொம்மை விஷயத்தை இவளிடம் யார் சொன்னது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பையை எடுத்துக்கொண்டுதான் போனேன்.

பெரிய மண்டபம். ஏ.சி. குளிரில் சுமார் நானூறு பேர். பருக்கைக்கு ஒரு ஆள். நடுவில் பட்டுத் துணி மூடிய கண்ணாடிப் பெட்டி. வாசலில் அந்தப் பொம்மையையும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள், கழுத்தில் மாலையோடு. நான் கண்டுகொள்ளவில்லை. எங்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை.

தாமரை, ஜெயபால், நான் மூவரும் முதல் வரிசை ஓரம். ஜெயபால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம், "அம்மணி, அந்த மொளகாயைக் கொஞ்சம் திருப்பி வெச்சிருக்கலாமோ, கடிச்ச பக்கம் உள்ள போறாப்பல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தாமரை பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெய்வசிகாமணி பேசினார். "எங்கம்மா வெடியால எந்திரிச்சு, இந்தப் போசில சோத்தைப் போட்டு, ரெண்டு சின்ன வெங்காயம், ஒரு பச்ச மொளகாய் வெச்சு, இதத் தின்னுபோட்டு நல்லாப் படி சாமின்னு அனுப்புவாங்க." என் கை பைக்குள் போய்விட்டது. போசிக் கைப்பிடி ஜில்லென்று இருந்தது. துணியை இழுத்தார்கள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அது நன்றாக இருந்தது. பட்டறையில் துண்டு துண்டாகப் பார்த்தது வேறு. வெளிச்சம் மேலிருந்து விழுந்தபோது ஸ்படிகத்துக்குள் பருக்கைகள் ஊறிக் கிடந்தன. தண்ணீர் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. கோடே இல்லை. என் மகள் செய்தது. முட்டை ராஜா வந்தாலும் ஒரு நிமிஷம் நின்றிருப்பார்.

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். மிளகாயைப் பார்த்தார். பேச்சு நின்றுவிட்டது. மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது. அவருடைய நாக்கு மேல்வரிசை முன்பல்லைத் தடவிக்கொண்டு போனது. இப்போது அங்கே சந்து இல்லை. எல்லாம் ஒரே சீராக, பெட்டியில் அடுக்கிய பனியன் மாதிரி. நிவேதிதா ஓடிவந்து காதில் ஏதோ சொன்னாள். அவர் கையசைத்து அவளை நிறுத்தினார்.

"எங்கம்மா," என்று மறுபடி ஆரம்பித்தார். மிளகாயை இன்னொரு தரம் பார்த்தார். "எங்கம்மா கைப்பக்குவம் அப்படிங்க."

கைதட்டல். உண்மை அவர் தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மனிதர் இருபத்தைந்து வருஷத்தில் பத்து நாட்டுக்குப் பனியன் அனுப்பியிருக்கிறார், ஒரு வாக்கியத்தை வெளியே அனுப்ப முடியவில்லை. அந்த இடத்தில்தான் நான் எழுந்திருக்க வேண்டும். பக்கத்தில் தாமரை என்னைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தாள். பையில் இருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியைப் பார்த்தாள். பிறகு என் சட்டைக் கையின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். சின்னதில் ரோடு தாண்டும்போது பிடிப்பாளே, அப்படி.

நான் உட்கார்ந்திருந்தேன். மூன்று மாசமாக மூச்சுப் பிடித்துத் திட்டிய வீரன், சட்டைக் கைக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருந்தேன்.

கீழே இறங்கி நேராக எங்களிடம் வந்தார். சுற்றி இருபது பேர், போட்டோக்காரர்கள்.

"இந்தக் கடி ஆரு யோசனைங்க?"

"அப்பாதானுங்க" என்றாள் தாமரை. ஜெயபால் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் என்னைப் பார்த்தார். ஜூன் மாதம் பார்த்த பார்வை இல்லை. "நீங்களும் பழைய சோறு தின்னவருங்களா?"

"இல்லீங்க" என்றேன். "நான் நெய் தோசை தின்னு வளந்தவனுங்க."

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் சட்டையைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. பையைப் பார்த்தார். பை விலகியதில் போசியின் நசுங்கல் அவர் பக்கம் தெரிந்தது. சத்தம் அடங்குகிற வரைக்கும் நின்று, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"மத்தியானத்துக்குள்ள ஆறிப்போயிருக்குமே, தோசை."

"ஆமாங்க. ஆறித்தான் இருக்கும்."

அடுத்து என்ன சொல்வாரோ என்று பார்த்தேன். வாய் திறந்தது. அதற்குள் போட்டோவுக்கு என்று அவரை இழுத்துப் போய்விட்டார்கள். இழுத்தவுடன் போய்விட்டார், அதையும் எழுதவேண்டும். போகிற போக்கில் நிவேதிதாவிடம், "மொளகாய் அப்படியே இருக்கட்டும். செஞ்சவங்க பேரையும் அடில வெட்டச் சொல்லு" என்றது மட்டும் கேட்டது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்தார், பல்லெல்லாம் தெரிய.

செப்டம்பர் 1, திங்கள்

டைரியில் இந்த மாதத்துக்கும் அவர் படம். திருப்பிவிட்டு எழுதுகிறேன்.

கிழக்கு அறையைக் காலையிலேயே ஒழித்துக் கொடுத்துவிட்டார் ஜெயபால். கோயமுத்தூர்க் கடைக்குத் தாமரை போன் போட்டு, வரவில்லை என்று சொன்னாள். ரவிக்கை தைத்துவிட்டார்களாம். அந்தப் பொம்மைக்குப் போடட்டும் என்றேன்.

பெயர் வெட்டுவதற்காக வெள்ளிப் போசியைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். தாமரை அதைக் கவிழ்த்து வைத்து, ஆணியும் சுத்தியுமாக உட்கார்ந்தாள். ஏற்கனவே இருக்கிற செ.மா.வுக்குக் கீழே, அதே அளவில், புள்ளி புள்ளியாக, நா.தா. வெட்டினாள். என் பெயர் நாச்சிமுத்துவுக்கு நா, அவளுக்குத் தா. வெட்டி முடித்து ஊதிவிட்டு, "இப்ப ரெண்டும் ஒரே வீட்டுப் பாத்தரமாட்ட இருக்குதுங்கப்பா" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

பழைய போசியில் மறுபடி பொடி கரைத்து வைக்க மனசு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ருக்மணி அதை அலமாரியில் வைத்துவிட்டு, பொடிக்கு ஒரு ஐஸ்கிரீம் டப்பாவைக் கொடுத்தாள்.

அந்த வருஷம் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மா போசியைத் திறந்து பார்ப்பாள். ஒரு பருக்கை மிச்சம் இருக்காது. முகம் அப்படியே மலர்ந்துவிடும். நல்லா சாப்பிட்டியா கண்ணு என்பாள். நான் தலையாட்டுவேன், உதட்டோரம் சர்க்கரையைத் துடைத்துக்கொண்டு. மில்காரர் வீட்டில் சமையற்கட்டு முழுக்க நெய் மணக்கும், அந்த வீட்டுப் பையன் ஒருநாள்கூட என் போசியைப் பார்த்து முகம் சுளித்ததில்லை. முகம் சுளித்தது நான். மூடியைத் திறந்தால் வருகிற புளித்த வாசம் பக்கத்து பெஞ்சுக்குப் போகக்கூடாதென்று, முதல் நாள் அதைக் காலுக்கடியில் ஒளித்து வைத்திருந்தேன்.

நேற்று அத்தனை பேருக்கு நடுவில், அவர் வாயைத் திறந்து மூடியபோது, என் நாக்கு நுனிக்கு ஒன்று வந்து நின்றது. சொல்லவில்லை. இவ்வளவு நாள் இந்த டைரியில்கூட வேறு மாதிரி எழுதி வைத்திருக்கிறேன்.

மாத்திக்கலாமான்னு முதல்ல கேட்டது நான்தான், தெய்வு.